சின்னப் பூடிலா, ஊர் நாயா? மலையகத்து வீட்டுக்கு எது ஒத்துவரும்

"பூடில் ஒன்னு வளர்க்கலாம்னு இருக்கோம், எங்க வாங்குறது?" என்று கேட்பவர்கள் இலங்கை மலையகத்தில் கூடிவிட்டார்கள். ஹட்டன், பண்டாரவளை டவுன் வீடுகளில் சின்னச் சடை நாய் வளர்ப்பது புதிதில்லை. முன்பு பொமரேனியன், இப்போது பூடில். எங்கே வாங்குவது என்பதற்கு முன் நான் கேட்பது வேறொன்று: ராத்திரி அது எங்கே படுக்கும்? இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்), விறகுக் கொட்டிலில், வெளியே கட்டிப்போட்டு என்றால் பூடில் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு ஊர் நாய்க்குட்டி ஒன்றைத் தேடச் சொல்வேன். வீட்டுக்குள்ளே, ஆட்கள் தூங்கும் அறையில் அல்லது அதற்கு அடுத்த அறையில் என்றால் மேலே பேசலாம்.

முதல் காரணம் குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். ஹட்டனும் தலவாக்கலையும் 1,200 மீற்றரை ஒட்டிய உயரம். அங்கே உறைபனி இல்லாவிட்டாலும் மழைக்காலத்து ஈரக்குளிர் லேசானது இல்லை. பல நாய்களுக்கு மேல்மயிருக்கு அடியில் மென்மையான, அடர்ந்த இன்னொரு அடுக்கு மயிர் இருக்கும். பூடிலுக்கு அது கிடையாது, ஒரே அடுக்குச் சுருள் மயிர்தான். அதையும் சில வாரங்களுக்கு ஒருமுறை கத்தரித்துவிடுகிறோம். தண்ணீருக்குள் இறங்கி வாத்து எடுத்துவர வளர்த்த இனமாச்சே, குளிர் தாங்காதா என்று சிலர் கேட்பார்கள். அந்த வேலையைச் செய்தது 20 கிலோ தாண்டிய பெரிய பூடில். அதற்கும் நெஞ்சிலும் மூட்டுகளிலும் மயிரை அடர்த்தியாக விட்டுத்தான் மற்ற இடத்தைக் கத்தரித்தார்கள். நாம் பேசுவது 4, 5 கிலோ உடம்பை. உடம்பு சிறுக்கச் சிறுக்கச் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும்.

இரண்டாவது காரணம் சிறுத்தை. மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட் பக்கம் தேயிலை மலைக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் நடுவில் வாழப் பழகிய சிறுத்தைகள் உண்டு, அவற்றுக்கு நாய் சுலபமான இரை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கட்டிப்போட்ட நாய் விடிந்து பார்த்தால் இல்லை என்ற கதை அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். ஊர் நாயையும் ராத்திரியில் வெளியே சங்கிலியில் விடக்கூடாதுதான். அதற்கு நாலு பக்கமும் அடைத்த கூடு போதும். பூடிலுக்கு அது போதாது.

சரி, வீட்டுக்குள் இடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். இருக்கும் வழிகள் மூன்று. காசு கொடுத்துப் பூடில் குட்டி வாங்கலாம். கைவிடப்பட்ட நாய்களை மீட்கும் ரெஸ்கியூ குழுவிடமிருந்தோ, வைத்திருக்க முடியாமல் கொடுக்கிற வீட்டிலிருந்தோ வளர்ந்த சின்னப் பூடிலை எடுக்கலாம். அல்லது பூடிலே வேண்டாம் என்று ஊர் நாயை எடுக்கலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பகலில் வீட்டில் ஆள் இருக்கிற குடும்பத்துக்கு, நாலைந்து வயதான மினியேச்சர் பூடிலை ரெஸ்கியூவிலிருந்து எடுப்பதுதான் இந்த மலைக்குச் சரி. ஆள் இல்லாத வீட்டுக்கு மூன்றுமே சரியில்லை. இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஊர் நாய். குட்டி வாங்குவதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

"சின்னப் பூடில்" என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். சர்வதேச நாய்ச் சம்மேளனமான எஃப்.சி.ஐ. பூடிலைத் தோள் உயரத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறது. 45 முதல் 60 சென்ரிமீற்றர் வரை ஸ்டாண்டர்ட், 35 முதல் 45 வரை மீடியம், 28 முதல் 35 வரை மினியேச்சர், 24 முதல் 28 வரை டாய். "டீகப் பூடில்" என்று விளம்பரம் போடுகிறார்களே, அப்படி ஒரு வகை அதன் பட்டியலில் கிடையாது. மிகச் சின்னதாகப் பிறந்ததற்கு அல்லது சாப்பாடு போதாமல் வளராததற்கு வைத்த வியாபாரப் பெயர் அது. மலையகத்தில் எங்கு பார்த்தாலும் படிக்கட்டு, கல், சரிவு, ஓடி விளையாடும் பிள்ளைகள். டாய் வகையின் கால் எலும்பு விரல் தடிமன்கூட இருக்காது. சோபாவிலிருந்து குதித்தே முறித்துக்கொள்ளும். தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் மினியேச்சரை எடுங்கள்.

குட்டி வாங்குவது

விலை ஒரு பிரச்சினை. கொழும்பு, கண்டி விளம்பரங்களில் பூடில் குட்டிக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் கேட்பதைப் பார்க்கலாம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் முழுப் பேர் (முழு நாட்சம்பளம்) விழுந்தாலும் மூன்று மாதச் சம்பளம் அப்படியே போய்விடும். காசுள்ள வீடு என்றால் இதைத் தாங்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

கொழும்புச் சூட்டில் பிறந்த இரண்டு மாதக் குட்டியைத் தலவாக்கலைக்குக் கொண்டுவருகிறோம். டாய் குட்டியின் உடம்பில் சேமிப்புச் சர்க்கரை மிகக் குறைவு. ஒருவேளை சாப்பாடு தவறினால், குளிரில் நடுங்கிக்கொண்டே இருந்தால், பயணக் களைப்பில் சாப்பிடாமல் படுத்தால், இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். முதலில் சோர்வு, அப்புறம் தள்ளாட்டம், அப்புறம் வலிப்பு. தேனோ சீனிக் கரைசலோ கொஞ்சம் ஈறில் தடவிவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு, மழையில், தோட்டத்திலிருந்து த்ரீவீல் பிடித்து எந்த வைத்தியரிடம் ஓடுவது? நாளைக்கு நாலு வேளை சாப்பாடு கொடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்பது இதோடு சேர்ந்த கணக்கு.

தடுப்பூசி இன்னொன்று. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை போட வேண்டும். அதுவரை மற்ற நாய்கள் நடமாடும் தரையில் குட்டியை விடக்கூடாது. பாவோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களும் கட்டாக்காலி நாய்கள் உள்ள இடத்தில் சாதாரணமாகப் பரவுபவை, லயத்து வாசலில் எல்லா வீட்டு நாயும் வந்து போகும். ஹட்டன் பக்கத்தில் ஜூன், ஜூலையில் குட்டி எடுத்தவர்களுக்கு வெளியே போய் மூத்திரம் பெய்யப் பழக்குவது தனிப் பாடு. மழை விட்டால்தானே வெளியே போவது!

குட்டிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தாயை நேரில் காட்டி, தாய் தகப்பனின் முழங்கால், கண் பரிசோதனை பற்றிக் கேட்டால் பதில் சொல்லி, எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தர மறுக்கிற வளர்ப்பாளர் கிடைத்தால், வாங்குவதில் தப்பில்லை. குட்டிகள் போட்டோவில் மட்டும் இருந்து, "பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்" என்று சொல்பவரானால் வேண்டாம்.

ரெஸ்கியூவிலிருந்து எடுப்பது

காப்பகத்துக்குப் போனால் பூடில்கள் வரிசையாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். இலங்கையின் விலங்கு நல அமைப்புகள் பெரும்பாலும் தெரு நாய்களுக்காக வேலை செய்பவை. 2007இல் ஒட்டாரா குணவர்தன தொடங்கிய எம்பார்க் ஆகட்டும், கண்டியில் இயங்கும் கக்பாவ் ஆகட்டும், அவர்கள் கையில் அதிகம் இருப்பது நம் ஊர் நாய்கள்தான். சடை நாய்கள் எப்போதாவது வரும். குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள், வளர்த்த முதியவர் இறந்துபோன வீடு, குட்டி போட்டு முடித்த பெட்டையை இனி எதற்கு என்று தள்ளிவிடும் வளர்ப்பாளர், இப்படித்தான் வரும். 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி நாய் உணவின் விலை ஏறி, மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, அப்புறம் பலர் நாட்டைவிட்டுக் கிளம்பியபோது இந்த வரவு கூடியது. எனவே எடுக்க விரும்புகிறவர் பெயரைக் கொடுத்துவைத்துக் காத்திருக்க வேண்டும். ஊர் மிருக வைத்தியரின் காதிலும் போட்டுவைக்க வேண்டும். வைத்தியருக்குத்தான் எந்த வீட்டில் நாய் கைமாறப் போகிறது என்பது முதலில் தெரியும்.

கிடைப்பது என்ன? அளவு தெரிந்த நாய். குணம் ஓரளவு வெளியில் வந்துவிட்ட நாய். பெரும்பாலும் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுத்தான் தருவார்கள். சின்னப் பூடில்கள் 12 முதல் 15 வருடம் வரை வாழும் என்பதால், ஆறு வயதில் எடுத்தாலும் நல்ல காலம் நிறைய மிச்சம் இருக்கிறது. கருத்தடையை லேசாக நினைக்க வேண்டாம். கருத்தடை செய்யாத பெட்டை வருடத்துக்கு இரண்டு முறை போலச் சூட்டுக்கு வரும், அப்போது தோட்டத்துக் கடுவன்கள் எல்லாம் வாசலில்தான் கிடக்கும். பெரிய ஊர் நாயின் குட்டிகளைச் சுமந்தால் 4 கிலோ பெட்டைக்குப் பிரசவம் உயிராபத்து.

கிடைக்காதது, பழைய கதை. எதற்குப் பயப்படும், யார் அடித்தார்கள், எத்தனை கைமாறியது என்று யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். முதல் வாரம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போகும். அதை வைத்து "ரொம்ப அமைதியான நாய்" என்று ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். வீடு பழகிய பிறகுதான் குரைப்பு வரும், சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் உறுமுவது வரும், ஒரே ஆளின் காலைச் சுற்றிக்கொண்டு மற்றவரை விரட்டுவது வரும். புத்திசாலி இனம் என்பதால் இவை எல்லாவற்றையும் திருத்தலாம். அதே புத்தியால் கெட்டதையும் வேகமாகப் படித்துக்கொள்ளும்.

பூடில் தனிமை தாங்காத நாய். ஏற்கனவே ஒரு வீட்டை இழந்த பூடிலுக்கு அது இன்னும் மோசம். அப்பா அம்மா காலையில் தோட்டத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கோ வேறு வேலைக்கோ போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், பகல் முழுக்க லயத்து அறையான காம்பிரா பூட்டிக் கிடந்தால் அது குரைத்துக்கொண்டே இருக்கும். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்குகிறவர் அங்கே இருந்தால் ஒரு வாரத்தில் சண்டை. தோட்டத்தில் தீபாவளி வெடி, மாசியில் காமன் கூத்துத் தப்பு மேளம், தேர்த் திருவிழா ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. அந்த நாட்களில் நாயை உள் அறையில் விட்டு, ஜன்னலை மூடி, கூடவே ஒருவர் இருக்க வேண்டும்.

மயிர்தான் முழு நேர வேலை

பூடிலுக்கு மயிர் உதிராது என்கிறார்கள். உதிரும். கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் வாராவிட்டால் அந்தச் சிக்கு தோலை ஒட்டிக் கட்டியாகும். காதுக்குப் பின்னால், அக்குளில், தொடைக்கு உள்பக்கம், கழுத்துப்பட்டிக்கு அடியில் முதலில் கட்டும். மலையகத்தில் இன்னோர் இடமும் உண்டு: ஸ்வெட்டருக்கு அடியில். குளிருகிறதே என்று மாட்டிவிட்டு நாள்கணக்கில் கழற்றாமல் விட்டால், துணி உரசி உரசி முதுகு முழுக்கக் கம்பளியாகிவிடும். ஸ்வெட்டரை ராத்திரிக்கு மட்டும் போடுங்கள், காலையில் கழற்றிவிட்டு மயிரை வாருங்கள்.

மேலோட்டமாகப் பிரஷ் போட்டால் வெளியே அழகாகவும் உள்ளே கட்டியாகவும் இருக்கும். மயிரை வரிசை வரிசையாகப் பிரித்து, தோல் தெரியுமாறு அடியிலிருந்து வாரி, கடைசியில் இரும்புச் சீப்பை விட்டுப் பார்க்க வேண்டும். சீப்பு எங்கே நிற்கிறதோ அங்கே வேலை மிச்சம். குளிப்பாட்டுவதற்கு முன் சிக்கெடுக்க வேண்டும், பின்னால் இல்லை. நனைந்து காய்ந்த சிக்கு இறுகிப்போகும். கத்தரிக்கோலைக் கொண்டு சிக்கை வெட்டப் போகாதீர்கள். தோல் அதோடு சேர்ந்து மேலே எழும்பியிருக்கும், வெட்டினால் தையல் போட வேண்டி வரும்.

காயவைப்பது பற்றிச் சமவெளியில் எழுதுகிறவர்கள் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே அதுதான் பாதி வேலை. வெயிலில் விட்டால் காய்ந்துவிடும் என்பது ஆடி மாதத்து ஹட்டனில் நடக்காது. துவாயால் ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, வாரிக்கொண்டே வேரடி வரை காயவைக்க வேண்டும். ஈரம் நின்றால் நாற்றமும் பூஞ்சையும் வரும். மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு, அதாவது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தாருக்கு, மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை ஈரக்காலம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைக்கு மழை ஆண்டுக் கடைசியில் வரும். ஜூன், ஜூலையில் அங்கே காற்றும் வெயிலும். உங்கள் பக்கத்தின் ஈரக்காலத்தில் மயிரைக் கொஞ்சம் குட்டையாகவும், குளிர் மாதங்களில் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் நீளமாகவும் வைத்திருப்பது நல்லது. ஈரமும் குளிரும் சேர்ந்து வரும்போது நீளமாக விட்டு, வாரும் நேரத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கத்தரிப்பு ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது தேவை. கண்டியில் நாய்க்கு முடி வெட்டும் இடங்கள் உண்டு. மேலே வர வர அரிது. கண்டிக்குப் போய்வரும் செலவையும் ஒரு நாள் லீவையும் கூட்டிப் பார்த்தால், நாய்க்கென்று செய்த கிளிப்பர் ஒன்றை வாங்கிப் பழகிக்கொள்வது மலிவு. சலூன் மெஷின் இந்தச் சுருளில் சிக்கிச் சூடேறிவிடும். கண்காட்சி நாய் மாதிரி பந்து பந்தாக விட வேண்டியதில்லை. உடம்பு முழுக்க ஒரே அளவு, முகமும் பாதமும் பின்பக்கமும் மட்டும் குட்டையாக இருந்தால் போதும். பாதத்தைக் குட்டையாக வைக்கச் சொல்வதற்கு அழகு காரணம் இல்லை, அட்டைதான் காரணம். புல்லில் நடந்துவிட்டு வந்த நாயின் விரலிடுக்கு மயிருக்குள் அட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஓடைத் தண்ணீரையும் குடிக்க விடாதீர்கள். மூக்குக்குள் ஏறிக்கொள்ளும் அட்டை வகை ஒன்று உண்டு. தும்மிக்கொண்டே இருந்து ஒரு பக்க மூக்கில் இரத்தம் வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ரெஸ்கியூவில் வரும் பூடில்களில் பல, மயிர் முழுக்கக் கட்டியாகித்தான் வரும். அதை வாரி மீட்க முடியாது. மொட்டையாகச் சிரைத்துவிட்டுப் புதிதாக வளரவிட வேண்டும். நாள் குறிக்க உங்களுக்கு வசதி இருந்தால் அப்படிப்பட்ட நாயை மார்ச், ஏப்ரலில் கொண்டுவாருங்கள். டிசம்பரில் மொட்டைப் பூடிலை நுவரெலியாவுக்குக் கொண்டுபோவது பாவம்.

உடம்பு

சாப்பாட்டுச் செலவு எல்லோரும் பயப்படுகிற அளவு இல்லை. 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கலோரி போதும். உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியும் கொஞ்சம் சோறும் பூசணியும் நல்ல உணவு; வெறும் வீட்டுச் சாப்பாட்டிலேயே வளர்ப்பதானால் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உலர்ந்த திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பும் கூடாது. காய்ச்சல் என்று பனடோலைப் பாதி உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் பனடோல்தான், தெரியும். இந்தச் சின்ன உடம்புக்கு அது விஷமாகும்.

செலவு வைப்பது பல். சின்ன வாயில் பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் ஊத்தை சேர்ந்து ஈறு அழுகும். வளர்ந்த ரெஸ்கியூ பூடிலுக்குப் பல் சுத்தம் செய்வதும் சில பற்களைப் பிடுங்குவதும் வரும் என்றே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் வேலை. அரச மிருக வைத்திய அலுவலகங்களில் மாடு, ஆட்டு வேலைதான் அதிகம். இதற்குப் பெரும்பாலும் தனியார் வைத்தியர் அல்லது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை.

அடுத்தது முழங்கால். நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நொண்டி, அப்புறம் ஒன்றும் நடக்காததுபோலப் போனால் முழங்கால் சில்லு விலகுகிறது என்று அர்த்தம். படிக்கட்டு வீட்டுக்கு இது முக்கியம். காதுக்குள்ளும் மயிர் வளரும். ஈர ஊரில் அங்கே புண் வைப்பது சுலபம், தலையை உதறினால் மோந்து பாருங்கள். மூச்சுக்குழல் பலவீனமான இனம் என்பதால் கழுத்துப்பட்டியில் இழுக்காமல் நெஞ்சுப்பட்டி போடுங்கள். உண்ணியையும் மறக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் இந்த நாட்டில் அதிகம். ஈறு வெளுத்து, மூத்திரம் கருத்து, நாய் சோர்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

ஊர் நாய்

பூடிலுக்காக இவ்வளவு எழுதியவன் ஊர் நாய்க்குச் சில வரிகள்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் அது கேட்பது அவ்வளவு குறைவு. குட்டை மயிர், மாதம் ஒரு குளியல், எந்தச் சாப்பாட்டுக்கும் பழகிய வயிறு, ஆள் வந்தால் குரல். குளிருக்கு உலர்ந்த கூடும் சாக்கும் போதும். காப்பகங்களில் இடம் இல்லாமல் காத்துக் கிடப்பவையும் இவைதான். தெரு நாய்களைக் கொல்வதை அரசு 2006இல் நிறுத்திய பிறகு, கருத்தடையும் தடுப்பூசியும் வீடு தேடிக் கொடுப்பதும்தான் வழி. உயிருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் ரெஸ்கியூவுக்குப் போகிறவர் பூடிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு ஊர் நாயை எடுத்துவிடலாம்.

குறை, சுற்றித் திரிவது. வேலி இல்லாத வீட்டில் அது றோட்டுக்குப் போகும், கோழி பிடிக்கும், தபால்காரரை விரட்டும். கருத்தடை செய்தால் பாதி குறையும், வேலி போட்டால் மீதி.

எந்த நாயானாலும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி வருடாவருடம் கட்டாயம். 1893ஆம் ஆண்டிலிருந்தே இதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூடிலுக்கு எதற்கு என்பவர்களுக்கு: வாசலுக்கு வரும் கீரியும் பூனையும் உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

யாருக்கு எது

பண்டாரவளையில் ஓய்வுபெற்ற கணவன் மனைவி, மாடி இல்லாத வீடு, பகல் முழுக்க ஆள், மாலையில் நடை. அவர்களுக்கு ஆறு ஏழு வயதுப் பூடில் ரெஸ்கியூவிலிருந்து. குட்டி வேண்டாம், எழுபது வயதுக்காரருக்குப் பதினைந்து வருடப் பொறுப்பு எதற்கு?

ஹட்டன் டவுனில் இருவரும் வேலைக்குப் போகிற, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வாடகை வீட்டுக்கு எந்தப் பூடிலும் வேண்டாம். வீட்டில் பாட்டி இருந்தால் கதை மாறும். ஆனால் வாரிவிடும் பொறுப்பு பாட்டி தலையில் விழுமா என்பதைப் பாட்டியிடமே கேளுங்கள். "நாங்க பார்த்துக்குறோம் பாட்டி" என்று பேரப்பிள்ளைகள் சொல்வது முதல் மாதத்துக்குத்தான்.

லயத்துக் குடும்பத்துக்கு ஊர் நாய், கருத்தடையோடு, அடைத்த கூட்டோடு. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் வளர்க்கும் பூடிலைப் போலச் சுத்தமான பூடிலை நான் டவுன் பங்களாவிலும் பார்த்ததில்லை. பகல் முழுக்க அவர் வீட்டில், நாய் அவர் மடியில், சீப்பு கையில்.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருப்பதால் பூடில் என்று முடிவெடுக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வாமை தருவது எச்சிலிலும் தோல் பொடியிலும் இருக்கும் புரதம். மயிர் உதிராவிட்டாலும் அது இருக்கும். அந்த ஆளை நாயோடு சில முறை நல்ல நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பூடில் என்று சொல்லித் தருவதில் ஷி ட்சு, பொமரேனியன் கலப்பும் நிறைய. கலப்பு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. சுருள் மயிரோடு அடர்ந்த உள்மயிரும் சேர்ந்திருந்தால் சிக்கு இரட்டிப்பாகும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

பார்க்கப் போகும் அன்று உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள், வாயை மோந்து பாருங்கள். படியில் ஏற்றி இறக்குங்கள். சீப்பை எடுத்து வாரிப் பாருங்கள். சீப்பைக் கண்டதும் கடிக்க வருகிறதா, பொறுத்துக்கொள்கிறதா என்பது மற்ற எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பயன்படும் தகவல். தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த வைத்தியரின் தொடர்பு, இப்போது என்ன சாப்பிடுகிறது என்பதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாமா என்றும் கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். அவர்களும் உங்களைக் கேள்வி கேட்பார்கள், வீட்டுப் போட்டோ கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றும் கேட்காமல் நாயைத் தூக்கிக் கையில் தருகிறவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

கண்டியிலிருந்து ஹட்டனுக்குக் கொண்டுவருவதானால் கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுக்கும். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடச் சொல்லுங்கள், தண்ணீர் கொஞ்சம் போதும். டாய் அளவு நாயானால் இவ்வளவு நேரம் பட்டினி போடாமல், வைத்தியரைக் கேட்டு வழியில் ஒரு வாய் கொடுங்கள். மடியில் தனியாக விடாமல் கூடையில் அல்லது பெட்டியில், அது இதுவரை படுத்திருந்த பழைய துணியோடு வையுங்கள். அந்தத் துணியை வீட்டுக்கு வந்தும் உடனே துவைத்துவிடாதீர்கள்.